மணிப்பூவில் எதை நடுவது? ரொறன்ரோ வளவுக்கு ஓர் ஒப்பீட்டு அலசல்

மே மாதத்தில் விக்டோரியா நாள் விடுமுறை வந்தால் ரொறன்ரோவில் பாதிப் பேர் பூக்கன்றுக் கடையில்தான் நிற்பார்கள். பெற்றூனியா, மேரிகோல்ட் என்று வண்டில் நிறைய வாங்கி நட்டு, ஒக்ரோபரில் பிடுங்கி எறிந்துவிட்டு, அடுத்த மே மாதம் திரும்பவும் அதே கடை, அதே வரிசை. இதில் சலிப்பு வந்தவர்கள் மெல்லப் பல்லாண்டுச் செடிகள் இருக்கும் மேசைப் பக்கம் நகர்வார்கள். அங்கே கண்ணில் படும் நீல நிறங்களில் ஒன்று பெல்ஃபிளவர், நம் வாயில் மணிப்பூ. லேபிளில் காம்பனுலா என்று எழுதியிருக்கும்.

இந்தப் பேரினத்தில் 400-க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை மத்தியதரைக் கடல் ஓரம், பால்கன் மலைகள், கோக்கசஸ் பக்கத்தைச் சேர்ந்தவை. (நீலகிரியின் உயரமான இடங்களில்கூட காம்பனுலா அல்போன்சி என்று ஒன்று உண்டு. ஆனால் அது தோட்டத்துக்கு வந்த செடி இல்லை.) நம் கடைகளில் கிடைப்பவை ஏழெட்டுத்தான். பூவை மட்டும் பார்த்தால் எல்லாம் அக்கா தங்கச்சி போல ஒரே சாயல். மண்ணுக்கு அடியில்தான் குணம் வேறுபடும். ஒன்று நட்ட இடத்திலேயே கொத்தாகப் பெருகும், ஒன்று அடிவேர் விட்டு அடுத்த பாத்திக்கு ஓடும், ஒன்று ஆழமாக இறங்கி நின்றுகொண்டு இடம் மாற்ற விடாது. ஆகவே இந்த அலசலில் பூவின் அழகுக்கு நான் பெரிதாகப் புள்ளி போடப் போவதில்லை. வேருக்குத்தான் புள்ளி.

குளிரைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் தோட்டத்து இனங்களில் அநேகமானவை 3 அல்லது 4 ஆம் குளிர் வலயம் (எண் குறையக் குறையக் குளிர் கூடும்) வரை தாங்குபவை. ரொறன்ரோவின் குளிர் அவற்றுக்குப் பெரிய விஷயமில்லை. இங்கே மணிப்பூவைச் சாகடிப்பது இரண்டு: வின்ரரில் வேரடியில் தேங்கும் ஈரம், மார்ச் மாதத்தில் பகலில் உருகி இரவில் உறையும் மண். புதுக் குடியிருப்புகளில் மேலே மெல்லிய நல்ல மண்ணைப் போட்டு அடியில் கட்டிக் களிமண்ணை விட்டிருப்பார்கள். அந்தக் களி உறைந்து உருகும்போது ஆழமில்லாத வேர்களை மேலே தள்ளிவிடும். கன்று குளிரில் செத்ததாக நாம் நினைப்போம். உண்மையில் வேர் காற்றில் காய்ந்திருக்கும்.

பல்லாண்டு மேசையில் நிற்கும் பல்லாண்டு அல்லாதவை

கான்டர்பரி பெல்ஸ், அதாவது காம்பனுலா மீடியம், பெரிய கிண்ணம் போன்ற பூக்களோடு மே, ஜூன் மாதங்களில் கடையில் கண்ணைப் பறிக்கும். அது ஈராண்டுச் செடி. முதல் வருடம் இலை, இரண்டாம் வருடம் பூ, அப்புறம் சாவு. பூத்த நிலையில் வாங்குகிறீர்கள் என்றால் அதன் கடைசி வருடத்தைத்தான் வாங்குகிறீர்கள். விதை விழுந்து தானாக முளைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

மற்றது பலசரக்குக் கடை வாசலில் சின்னச் சாடியில் விற்கும் பரிசுச் செடி. அதில் இரண்டு வகை வரும். காம்பனுலா ஐசோபில்லா என்றால் அது வட இத்தாலிச் செடி, வெளியில் வைத்தால் நம் வின்ரரைக் காணாது. காம்பனுலா போர்ட்டன்ஷ்லாகியானா என்றால் பூ முடிந்ததும் வளவில் நட்டுவிடலாம், வருடக்கணக்கில் இருக்கும். இரண்டும் ஒரே அளவுச் சாடி, கிட்டத்தட்ட ஒரே விலை. லேபிளில் இருக்கும் இலத்தீன் பெயரைப் படிக்கச் சோம்பல்படக் கூடாது.

முதல் கன்றுக்கு: பெர்சிசிபோலியாவா, கார்ப்பாட்டிகாவா?

இதுதான் அநேகமானோருக்கு முன்னால் வரும் போட்டி. இரண்டுமே எந்தக் கடையிலும் கிடைக்கும், இரண்டும் ஓடாது, கொத்தாகவே நிற்கும்.

பெர்சிசிபோலியாவின் இலை பீச் மர இலை போல ஒடுங்கி நீண்டிருக்கும். கீழே இலைகள் தட்டாகப் படர்ந்திருக்க, நடுவிலிருந்து 60 முதல் 90 செ.மீ. உயரத்துக்கு மெல்லிய தண்டுகள் எழும். ஜூன், ஜூலையில் அகன்ற மணிகள், நீலம் அல்லது வெள்ளை. வெட்டிச் சாடியில் வைக்க மணிப்பூக்களில் இதுதான் முதல் தரம். கீழ்த்தட்டு இலைகள் வின்ரரிலும் பச்சையாகவே இருப்பதால், ஸ்னோ கரைந்த முதல் வாரத்திலேயே கன்று உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பதற்றக்காரர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

கார்ப்பாட்டிகா பெயருக்கேற்பக் கார்ப்பேதியன் மலைச் செடி. 20 முதல் 30 செ.மீ. உயரம், உருண்டையான சின்னப் புதர், வானத்தைப் பார்த்த கிண்ணப் பூக்கள். 'புளூ கிளிப்ஸ்', 'வைட் கிளிப்ஸ்' என்ற பெயரில் விற்பவை இதுதான். வாடிய பூவைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் வரை விட்டு விட்டுப் பூக்கும். பூக்கும் காலத்தை மட்டும் பார்த்தால் இது வெல்லும்.

ஆனால் நம் களிமண்ணில் கார்ப்பாட்டிகா பாவம். மலைச்சரிவின் கற்களுக்கிடையில் வளர்ந்த செடி அது. நீர் வடிந்து ஓட வேண்டும். வடிகால் இல்லாத பாத்தியில் இரண்டு மூன்று வின்ரர் தாங்கினாலே பெரிது, நல்ல இடத்திலும் மிக நீண்ட ஆயுள்காரி இல்லை. பெர்சிசிபோலியா அப்படி முகம் சுளிக்காது. ஓரளவு களி, அரை நிழல், சற்று வறட்சி என்று எல்லாவற்றுக்கும் இணங்கிப் போகும். நடுப்பகுதி வெறுமையானால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தோண்டிப் பிரித்து நட்டால் போதும். விதை விழுந்து அங்கங்கே முளைக்கும், வேண்டாததைக் கையாலேயே பிடுங்கலாம்.

குறையும் சொல்ல வேண்டும். காற்றும் மழையும் சேர்ந்து அடித்தால் பெர்சிசிபோலியாவின் தண்டுகள் சரிந்துவிடும். குச்சி கட்ட மனமில்லாதவர்கள் நெருக்கமாக மூன்று கன்றுகளை நட்டு ஒன்றையொன்று தாங்க விடலாம். பூத்து முடிந்த தண்டை உடனே அடியோடு வெட்டாமல் வாடிய மணிகளை மட்டும் கிள்ளினால், அதே கணுக்களிலிருந்து இரண்டாம் தடவை சின்னப் பூக்கள் வரும். பொறுமை வேண்டிய வேலை. கையில் பால் ஒட்டும்.

என் தீர்ப்பு: நிலத்தில் நடுவதென்றால் பெர்சிசிபோலியா. உயர்த்திக் கட்டிய பாத்தி, கல் அடுக்கிய ஓரம், சரிவான முன்வளவு இருந்தால் மட்டும் கார்ப்பாட்டிகா.

கல்லிடுக்குக்கு இரண்டு பால்கன்காரிகள்

போர்ட்டன்ஷ்லாகியானா குரோசியாவின் டால்மேசியக் கரையைச் சேர்ந்தது. போஷார்ஸ்கியானா அதற்குக் கொஞ்சம் உள்ளே, டினாரிக் மலைகளில் வளர்வது. கடைக்காரரே மாற்றிச் சொல்லும் அளவுக்குப் பெயர் குழப்பும். பூவைப் பார்த்துப் பிரிக்கலாம்: முதலாவது ஆழ்ந்த ஊதா நிறத்தில் உண்மையான மணி, இரண்டாவது வெளிறிய நீலத்தில் விரிந்த நட்சத்திரம்.

குணத்தில் வேறுபாடு இன்னும் பெரிது. முதலாவது அடக்கமாக அரை மீற்றர் வரை படரும், அரை நிழலிலும் பூக்கும். இரண்டு வீடுகளுக்கு நடுவே வெயில் ஒழுங்காக எட்டாத ஒடுங்கிய நடைபாதை ஓரத்துக்கு இதைவிடப் பொருத்தமானது மணிப்பூவில் இல்லை. இரண்டாவது வறட்சியை நன்றாகத் தாங்கும், வேகமாகப் படரும், பக்கத்தில் நிற்கும் சின்னக் கன்றுகளின் மேல் ஏறி மூடும். காய்ந்த சரிவை மூட வேண்டுமென்றால் அதைக் கூப்பிடலாம். பூப்பாத்தியில் விடக் கூடாது. இரண்டுக்கும் பிறந்த 'பேர்ச் ஹைபிரிட்' என்ற கலப்பு கிடைத்தால் அது நடுவாந்தரம்.

உயரமானவற்றில் லாக்டிபுளோரா 1.2 முதல் 1.5 மீற்றர் வரை போகும். ஈரம் பிடிக்கும், களியும் ஓரளவு ஒத்துவரும். வேர் ஆழம் என்பதால் நட்ட இடத்தை மாற்ற நினைக்காதீர்கள். பின்வேலி ஓரம் விசாலமாக இருப்பவர்களுக்குச் சரி. நெருங்கிய ரவுன்ஹவுஸ் வளவுக்கு அது அதிகப்படி. குளோமெராட்டா தண்டின் உச்சியில் கொத்தாக அடர் ஊதா பூக்கும், நிறம் அபாரம். ஆனால் அடிவேர் விட்டு நகரும், ஒரு பக்கம் சீமெந்து நடைபாதையும் மறுபக்கம் சுவரும் இருந்தால் நடுங்கள். இந்த மண்ணுக்கே உரியது வேண்டும் என்பவர்களுக்கு ஹேர்பெல் எனப்படும் ரொட்டுண்டிபோலியா இருக்கிறது. கனடாவில் இயற்கையாகவே வளர்வது, மெலிந்த தண்டு, வறண்ட மணல் மண் பிடிக்கும். கொழுத்த பாத்தியில் மற்றச் செடிகள் அதை விழுங்கிவிடும்.

யார் இலவசமாகத் தந்தாலும் வாங்கக் கூடாதது

இனி ராபுன்குலாய்டிஸ். கிரீப்பிங் பெல்ஃபிளவர் என்று சொல்வார்கள். ஐரோப்பாவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி, இப்போது கனடாவின் பல நகரங்களில் புல்வெளி, வேலியோரம், பின்சந்து எங்கும் நிற்கிறது. அல்பேர்ட்டா மாகாணம் இதைத் தீங்கான களைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஜூலையில் ஊதா மணிகள் தொங்க நிற்கும்போது எவருக்கும் வெட்ட மனம் வராது என்பதுதான் பிரச்சினையே. "இந்தாங்கோ தங்கச்சி, இது நல்லாப் பரவும், பராமரிப்பே வேண்டாம்" என்று வேலிக்கு மேலால் நீட்டப்படும் கன்று அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். பரவும் என்பது உண்மை. பராமரிப்பு வேண்டாம் என்பதும் உண்மை.

இதன் வேர் இரண்டு தட்டு. மேல்மண்ணில் நூல் போன்ற ஓடுவேர்கள், அதற்குக் கீழே ஆழத்தில் கரட் போலப் பருத்த வெள்ளைக் கிழங்குகள். தண்டைப் பிடித்து இழுத்தால் மேல் நூல் அறுந்து கையோடு வரும், நமக்கும் வேலை முடிந்த திருப்தி. கீழே கிழங்கு அப்படியே இருந்து, சில வாரத்தில் பக்கத்தில் புதுத் தளிர் அனுப்பும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதையும் போடும். ஒன்ராறியோவில் 2009 ஏப்ரலில் இருந்து வீட்டுத் தோட்டத்தில் அழகுக்காகப் பெரும்பாலான களைகொல்லிகளை அடிக்கத் தடை இருப்பதால், மண்வெட்டிதான் ஆயுதம். கிழங்கு வரை தோண்டி, மண்ணைக் கையால் அரித்து, எடுத்ததைக் கொம்போஸ்டில் போடாமல் அகற்ற வேண்டும். அடுத்த வருடமும் இதே வேலை இருக்கும்.

அடையாளம் காண மூன்று விஷயம் பாருங்கள். பூக்கள் தண்டின் ஒரே பக்கமாகத் தொங்கும். கீழ் இலைகள் இதய வடிவில் பற்களோடு இருக்கும், மேலே போகப் போக ஒடுங்கும். தோண்டினால் வெள்ளைக் கிழங்கு. பெர்சிசிபோலியாவின் பூ பக்கவாட்டில் பார்க்கும், இலை மழமழப்பாக ஒடுங்கியிருக்கும். இரண்டையும் ஒருதடவை பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் பிறகு குழம்ப மாட்டார். மலிவான 'காட்டுப்பூ விதைக் கலவை' பைகளிலும் இது வந்து சேர்வதுண்டு, ஆகவே பையில் இருக்கும் பெயர்ப்பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மணிப்பூவே வேண்டுமா?

ஒரு போட்டியாளரை விட்டுவிட்டால் இந்த ஒப்பீடு நேர்மையாக இருக்காது. பலூன் ஃபிளவர், பிளாட்டிகோடன். அதே குடும்பம், வேறு பேரினம். மொட்டு காற்றடைத்த பலூன் போல உப்பி, பிறகு ஐந்து முனை நட்சத்திரமாக வெடிக்கும். பிள்ளைகள் விரலால் அமுக்கி விளையாடுவதற்கென்றே செய்தது போலிருக்கும். கொரியர்கள் இதன் வேரைத் தொராஜி என்று சமைத்து உண்பார்கள், நகரத்துக் கொரியக் கடைகளில் பார்க்கலாம்.

இது ஓடாது, பிரிக்கவும் தேவையில்லை, நட்ட இடத்தில் பல வருடம் நிற்கும். மணிப்பூக்கள் ஓயும் ஜூலை, ஆகஸ்டில் பூக்கும். ஒரே தொல்லை, வசந்தத்தில் மிகத் தாமதமாக முளைக்கும். மே நடு தாண்டியும் மண்ணுக்கு மேலே ஒன்றும் தெரியாது. செத்துவிட்டது என்று அந்த இடத்தில் மிளகாய்க் கன்றை நட்டு வேரை வெட்டிவிடுபவர்கள் உண்டு. ஒரு குச்சியை அடையாளமாகக் குத்தி வையுங்கள். பராமரிப்புக்கு நேரமே இல்லை என்பவருக்கு நான் பெர்சிசிபோலியாவைக்கூடச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

ஆனால் மணிப்பூவின் பக்கம் ஒரு கனமான வாதம் உண்டு. மணிப்பூ மகரந்தத்தையே நம்பி வாழும் சின்னக் கறுப்புத் தேனீக்கள் இருக்கின்றன. கெலோஸ்டோமா என்ற அந்த ஐரோப்பிய இனங்களில் இரண்டு ஒன்ராறியோவிலும் குடியேறிவிட்டன. அவற்றின் ஆண்கள் மாலையில் மணிக்குள்ளேயே புகுந்து தூங்கும். தேனீக்களுக்காகத் தோட்டம் வைப்பவர் பெர்சிசிபோலியாவோடு போர்ட்டன்ஷ்லாகியானாவையும் சேர்த்து நட்டால் ஜூன், ஜூலை முழுக்க அவற்றுக்குச் சாப்பாடு இருக்கும். முயல்களுக்கும் இளந்தளிர் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல், மே மாதங்களில் கோழிக்கம்பி வளையம் ஒன்று போட்டுவிடுவது நல்லது.

விதையிலிருந்து செய்ய விரும்பினால் நேரம் நீளும். விதை தூள் போல நுண்மையானது, முளைக்க வெளிச்சம் வேண்டும், ஆகவே மேலே மண் மூடாமல் ஈரமண்ணில் தூவி மெல்ல அமுக்கிவிட வேண்டும். பெர்சிசிபோலியா பெரும்பாலும் அடுத்த வருடம்தான் பூக்கும்.

கன்றாக வாங்க மே மாதம்தான் என்றில்லை. ஆகஸ்ட் கடைசியில் கடைகள் பல்லாண்டுச் செடிகளை விலை குறைத்துத் தள்ளும். பூவே இல்லாமல் வாடிப்போய் நிற்பதைப் பார்த்து ஒதுக்காமல், சாடியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக உறுதியாக இருந்தால் எடுக்கலாம். மண் உறைவதற்குக் குறைந்தது ஆறு வாரம் இருக்கும்படி, செப்ரெம்பர் முடிவதற்குள் நட்டுவிட வேண்டும். நவம்பரில் மண் இறுகிய பிறகு உதிர்ந்த இலைகளைப் பொடியாக்கி மேலே தூவினால், மார்ச் மாத உறைவு உருகலில் வேர் மேலே தள்ளப்படுவது குறையும். பெர்சிசிபோலியாவின் இலைத்தட்டை மட்டும் மூடிவிடாதீர்கள், அழுகும்.