ஈப்போ – பினாங்கு: காசு கொடுத்து ஏறும் மலை

மகள் பினாங்கில் குடியிருப்பதால் மாதம் ஒருமுறையாவது ஈப்போவிலிருந்து மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறிவிடுகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகள் லாரி ஓட்டியவன் நான். சாலை எப்படி இருக்கிறது என்பதைக் கண்ணைவிட முதுகுதான் எனக்கு முதலில் சொல்லும். இந்த முறை பின்பெட்டியில் ஆறு தம்பூன் பம்ளிமாஸ், பக்கத்தில் மனைவி.

ஈப்போவை ஒட்டிய ஜெலாபாங்கிலிருந்து கோலகங்சார் வரை உள்ள மலைக்காட்சிக்கே, கொடுக்கும் டோல் கட்டணத்தில் பாதி தகும். காலை ஏழு மணிக்குள் போய்விட்டால் சுண்ணாம்புக் குன்றுகளின் இடுப்பில் மூடுபனி சுற்றிக் கிடக்கும். கல் உடைத்த பக்கம் மட்டும் தேங்காய்ப் பத்தைபோல் வெளுத்துத் தெரியும். மணிக்கு 110 கிலோமீட்டர் என்றிருந்த வேக வரம்பு இங்கே குறைகிறது; குறைத்துத்தான் ஆக வேண்டும், வளைவுகள் அப்படி. மலையைக் குடைந்து போகும் மெனோரா சுரங்கப்பாதை 800 மீட்டர் நீளம். இந்தப் பக்கம் வெயிலோடு நுழைந்தோம், அந்தப் பக்கம் கொட்டும் மழையில் வெளியே வந்தோம். கண்ணாடித் துடைப்பானைத் தேடிக் கை தடுமாறியது.

இந்தப் பாதை வருமுன் சுங்கை சிப்புட் வழியாகத்தான் போவோம். கட்டணமில்லாத அந்தச் சாலை இன்றும் இருக்கிறது. அவசரமில்லாதவர்கள் போகலாம், எனக்குப் பொறுமை இல்லை.

தைப்பிங் தாண்டினால் செம்பனைத் தோட்டங்கள்தான், சொல்ல ஒன்றுமில்லை. வழியில் ஓர் ஓய்விடத்தில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, வாங்கினோம். சோறு ஆறியிருந்தது, சம்பலில் இனிப்பு தூக்கல். வீட்டிலிருந்து இட்லி கட்டிக்கொண்டு போவது மேல்.

ஜூரு டோல் சாவடியில் கட்டண அட்டையைத் தொட்டால் தடுப்பு எழவில்லை. அட்டையில் பணம் போதவில்லை, தவறு என்னுடையது. பின்னாலிருந்த லாரிக்காரர் ஹாரனில் கைவைத்தவர் எடுக்கவில்லை. “நீங்களும் ஒருகாலத்தில் இப்படி அடித்தவர்தானே” என்றார் மனைவி. ஏறுமுன் அட்டையில் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது சுரங்கத்துக்குப் பிறகு ஜெலாபாங் வரை இறக்கம். முன்பு அடிவாரத்தில் டோல் சாவடி குறுக்கே நிற்கும். பாரம் ஏற்றிய வண்டியோடு அதை நோக்கி இறங்கும்போது வயிறு கலங்கும். அதை எடுத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் முன்னே போகும் லாரியிலிருந்து பிரேக் கருகும் வாசனை வந்தால் நான் உடனே விலகி வழிவிட்டுவிடுவேன். நீங்களும் விடுங்கள்.