மாடி அறையில் விவசாயக் கடன்: நாங்கள் ஏமாந்த கதை, நீங்கள் கவனம்

ஊரில் தோட்டம் செய்யும் அண்ணனுக்கோ அத்தானுக்கோ கொழும்பில் இருந்துகொண்டு லோன் எடுத்துக் கொடுக்க ஓடித்திரிபவர்கள் முதலில் இதைப் படித்துவிட்டு ஓடுங்கள். நானும் அப்படித்தான் ஓடினேன். புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு வெங்காயக் கடையில் 11 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். யாருக்கு எவ்வளவு முற்பணம் போனது, சரக்கு வந்ததும் எவ்வளவு கழிக்கவேண்டும் என்று விடிந்தால் பொழுதுபட்டால் மற்றவர்களின் கடனைப் பார்ப்பதுதான் என் தொழில். அப்படியிருந்தும் ஏமாந்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

அத்தான் சுன்னாகம் பக்கம் செம்மண்ணில் எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர், சின்ன வெங்காயம் செய்கிறார். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியதே, அந்தப் போகம் தண்ணீர் இறைக்கவே அக்காவின் சங்கிலி அடகுக்குப் போனது. எங்கள் பக்கம் விவசாயக் கடன் என்றால் பாதி அதுதான், வீட்டுக்காரியின் கழுத்து. அதை மீட்க ஒரு தொகை, விதை வெங்காயத்துக்கு ஒரு தொகை, பழைய மோட்டரை மாற்ற ஒரு தொகை என்று கூட்டிப் பார்த்தால் 5 லட்சம் தேவைப்பட்டது.

வங்கிக்குப் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனார். தோட்டக் காணியின் உறுதி இன்னும் அவருடைய பாட்டனார் பெயரில் இருக்கிறது. பங்காளிகள் நாலு பேரில் இரண்டு பேர் கனடாவில், ஒருவர் பிரான்சில். அவர்களிடமிருந்து அற்றோணித் தத்துவம் எடுத்து, காணியைப் பிரித்து, உறுதி முடித்து அதை ஈடு வைப்பதற்குள் இரண்டு போகம் போய்விடும். யாழ்ப்பாணத்தில் எத்தனை குடும்பத்துக்கு இதே நிலை என்று உங்களுக்குத் தெரியும். அத்தான் பெயரில் சுத்தமாக இருந்த ஒரே சொத்து, வெங்காயம் ஏற்றும் பழைய பட்டா வாகனம், ஒரு சின்ன லொறி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கதை இதில்தான் திரும்புகிறது.

வட்ஸ்அப் குழு ஒன்றில் விளம்பரம் வந்தது. பச்சை வயல் படம், மேலே அரச இலச்சினை மாதிரி ஒன்று, கீழே "வடக்கு கிழக்கு விவசாயிகளுக்கு 4 வீத வட்டியில் கடன், பிணை தேவையில்லை, கிரிப் பிரச்சினை இருந்தாலும் செய்து தரப்படும்". கிரிப் என்பது நாம் எடுத்த கடன்களின் பதிவை வைத்திருக்கும் கடன் தகவல் பணியகம். நம்பருக்கு எடுத்தேன். மரியாதையான குரல், நல்ல தமிழ். காலி வீதியில் ஒரு புடவைக் கடைக்கு மேலே அலுவலகம், சனிக்கிழமை வரச் சொன்னார். ஒரு மேசை, நாலு பிளாஸ்டிக் கதிரை, சுவரில் யாரோ பெரிய மனிதரோடு அவர் கைகுலுக்கும் படம். பைல் சார்ஜ் என்று 18,500 ரூபாய் கேட்டார், கொடுத்தேன். அவர் எழுதித் தந்த பற்றுச்சீட்டில் நிறுவனத்தின் பெயரும் இல்லை, பதிவு இலக்கமும் இல்லை. எங்கள் கடையில் ஒரு லொறிக்காரன் இப்படி ஒரு துண்டைக் கொண்டுவந்தால் நான் திருப்பி அனுப்பியிருப்பேன். அன்றைக்கு மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை யாழ்ப்பாணத்தில் ஒரு பொடியன் அக்கா வீட்டுக்கு வந்து படம் எடுத்துக்கொண்டு போனான். எதை எடுத்தான் என்று அக்காவிடம் கேட்டேன். "வாகனத்த நாலு பக்கமும் எடுத்தவன், எஞ்சின் நம்பரும் எடுத்தவன், தோட்டத்துப் பக்கமே போகேல்ல" என்றாள். அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். வெங்காயத்துக்குக் கடன் கொடுக்கிறவனுக்கு வாகனத்தின் எஞ்சின் நம்பர் எதற்கு?

கையெழுத்து வைக்க அத்தான் இரவு பஸ்ஸில் வந்தார். வரும்போது அந்த மனிதருக்கென்று ஐந்து கிலோ வெங்காயம் காய்ந்த தாளோடு பிடி பிடியாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தார், நல்லது செய்கிறவருக்கு வெறுங்கையோடு போகக்கூடாதாம். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கி மேசைக்குக் கீழே வைத்தார். பிறகு வேறொரு நிதி நிறுவனத்தின் பெயர் போட்ட கடதாசிக் கட்டை எடுத்தார். எல்லாம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, கையெழுத்து இடத்துக்கு மேலே இடது கைப் பெருவிரலை வைத்து அமத்திக்கொண்டு "இதில போடுங்கோ அண்ணை, இதில, இதிலயும்" என்றார். அந்தப் பெருவிரலுக்குக் கீழேதான் வட்டியும் தவணையும் எழுதியிருந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரியும். தமிழ்க் கொப்பி இல்லையா என்று கேட்டேன். "தபால்ல வரும் தம்பி, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ." அத்தான் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இந்தப் பதிவு.

பத்து நாளில் காசு வந்தது. 5 லட்சம் இல்லை, 438,000. ஆவணச் செலவு 15,000, காப்புறுதி 22,000, "அறிமுகக் கட்டணம்" 25,000 கழித்திருந்தார்கள். கடைசியாகச் சொன்னது யாருக்குப் போனது என்று சொல்லத் தேவையில்லை. மாதத் தவணை 30,833 ரூபாய், 24 மாதம். வாகனப் புத்தகத்தில் உரிமை நிறுவனத்தின் பெயருக்கு மாறிவிட்டது. அதாவது இது விவசாயக் கடனே இல்லை, வாகனத்தை ஈடு வைத்து எடுத்த சாதாரணக் கடன். 4 வீதம் என்ற பேச்சு கடதாசியில் எங்கேயும் இல்லை. 24 வீதம், அதுவும் பிளாட்.

இந்த பிளாட் வட்டியைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் ஊரில் இதில்தான் பலர் விழுகிறார்கள். 5 லட்சத்துக்கு வருடம் 24 வீதம் என்றால் 120,000, இரண்டு வருடத்துக்கு 240,000. முதலையும் வட்டியையும் கூட்டினால் 740,000, அதை 24ஆல் பிரித்தால் தவணை. கணக்குச் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் மாதா மாதம் முதலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறோமே, கடைசி வருடத்தில் கையில் 5 லட்சம் இருக்கிறதா? இல்லை. இல்லாத முதலுக்கும் சேர்த்துத்தான் வட்டி கட்டுகிறோம். குறைந்து போகும் மிச்சத்துக்கு மட்டும் அதே 24 வீதம் போட்டால் தவணை ஏறக்குறைய 26,400தான் வரும், இரண்டு வருடத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். திருப்பிச் சொன்னால், பிளாட்டாக 24 என்பது உண்மையில் 41 வீதத்துக்குக் கிட்ட. கையில் வந்தது 438,000 மட்டும் என்று வைத்துப் பார்த்தால் 55ஐத் தாண்டுகிறது. கடைக் கணினியிலேயே இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன். நான் கணக்குப்பிள்ளை. எங்கள் குடும்பத்தில் வட்டி தெரிந்த ஆள் என்று என்னை நம்பித்தான் அத்தான் பஸ் ஏறினார்.

இன்னொன்று. வெங்காயக்காரனுக்கு மாதச் சம்பளம் கிடையாது. நட்டு, கிண்டி, காயவைத்து, விலை பார்த்து விற்கும் வரைக்கும் கையில் ஒரு சதம் வராது. அவனிடம் முதல் மாதத்திலிருந்தே தவணை கேட்டால் தோட்டத்துக்கு வாங்கிய காசிலிருந்துதான் தவணை போகும். அத்தானுக்கும் அதேதான் நடந்தது, மோட்டர் மாற்றவில்லை. கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடனில் எங்கள் பெண்கள் பட்ட பாடும் இதனால்தான் வந்தது. 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் வரையான கடன்களில் தவணை தவறியவற்றைத் தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. மத்திய வங்கியும் நுண்கடன் வட்டிக்கு 35 வீதம் என்று மேல் எல்லை போட்டது. ஆட்கள் மாறுகிறார்கள், விளம்பரத்தில் படம் மாறுகிறது, தவணை மட்டும் இன்னும் பயிருக்கு முந்தியே வருகிறது.

மூன்றாம் மாதம் அக்காவின் காப்பை விற்றாவது கடனை முடித்துவிடலாம் என்று நிறுவனத்துக்குப் போனேன். மிச்ச மாதங்களின் வட்டியில் பெரும்பகுதியையும் கட்டச் சொன்னார்கள். மாடி அறைக்குப் போனேன், ஷட்டர் பூட்டு. புடவைக் கடைப் பையனைக் கேட்டால், வாடகை பாக்கி வைத்துவிட்டுப் போனவராம். போனில் பிடித்தபோது "நான் நிறுவனத்தின்ர ஆள் இல்ல, உங்களுக்கு உதவி செய்தனான்" என்றார். நிறுவனமும் அவரைத் தெரியாது என்றது. அப்படியானால் அந்த 25,000 யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டதற்கு முகாமையாளர் தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

சரி, பிறகு செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். நிறுவனத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, கொப்பியில் சீல் அடித்து வாங்கினேன். பதில் ஒழுங்காக வராததால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுதினேன். அதன் தொலைபேசி இலக்கம் 1935, தமிழிலேயே பேசலாம். இந்த நிறுவனம் அனுமதி பெற்றது என்பதால் அந்த வழி திறந்திருந்தது. முன்கூட்டி முடிக்கும் தொகையைக் குறைத்தார்கள், அறிமுகக் கட்டணத்தைத் திருப்பித் தரவில்லை. மாடி அறைக்காரருக்கு எதிராகப் பொலிசில் முறைப்பாடு கிடக்கிறது. அந்த 18,500க்கு என்னிடம் இருப்பது பெயரில்லாத துண்டு ஒன்றுதான். காப்பு போய்விட்டது, வாகனம் மீண்டுவிட்டது.

இந்தப் போகத்துக்கு அத்தான் வங்கிக்கே திரும்பப் போனார், இந்த முறை ஈட்டுக் கடன் கேட்காமல் பயிர்க் கடன் கேட்டார். மத்திய வங்கி 1986இல் தொடங்கிய புதிய விரிவான கிராமியக் கடன் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. வங்கிகள் ஊடாகத்தான் கொடுக்கிறார்கள், வட்டியில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது, பயிருக்கும் ஏக்கருக்கும் ஏற்ப இவ்வளவு என்று அளவு உண்டு, அறுவடைக்குப் பிறகு கட்டலாம். அத்தானின் எட்டுப் பரப்புக்கு 5 லட்சம் கிடைக்காது, வாகனம் வாங்கவும் கிடைக்காது. அத்தானிடம் கேட்டது பயிர் செய்கிறார் என்று கமநல சேவை நிலையத்தின் உறுதிப்படுத்தல், கமக்காரர் அமைப்பின் கடிதம், இரண்டு பிணையாளிகள். வங்கிக்கு மூன்று தரம் நடந்தார், மூன்று நாள் வேலை கெட்டது, கவுண்டரில் ஒரு பிள்ளை எரிந்து விழுந்ததாம். வங்கிக்காரரிடமும் எனக்கு அந்தக் கோபம் இருக்கிறது. நீங்கள் ஆட்களை இப்படி அலைக்கழிப்பதால்தான் மாடி அறைக்காரனுக்கு வியாபாரம் நடக்கிறது.

ஆனால் கடன் கொடுக்க முதல் ஒரு உத்தியோகத்தர் தோட்டத்துக்கு வந்தாராம். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரம்பில் நடந்து, ஒரு வெங்காயப் பூண்டைப் பிடுங்கி வேரைப் பார்த்து, "என்ன விதை போட்டனீங்கள்?" என்று கேட்டாராம். வாகனம் வேலிக்குப் பக்கத்தில்தான் நின்றது, அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை என்று அத்தான் போனில் சொல்லிச் சிரித்தார்.

கிரிப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் விளம்பரத்தில் தூண்டில் அதுதான். கிரிப் கறுப்புப் பட்டியல் வைத்திருக்கும் இடம் இல்லை. நாம் எடுத்த கடன், கட்டிய விதம், தவறிய மாதம் எல்லாம் அதில் பதிவாக இருக்கும், அதைப் பார்த்துக் கொடுப்பதா இல்லையா என்று வங்கிதான் தீர்மானிக்கும். காசு வாங்கிக்கொண்டு யாரும் அதில் பெயரை அழிக்க முடியாது. நம்முடைய அறிக்கையை நாமே கேட்டு எடுக்கலாம். அதேபோல எந்த நிதி நிறுவனத்துக்கு அனுமதி இருக்கிறது என்ற பட்டியல் மத்திய வங்கியின் தளத்தில் இருக்கிறது. கடதாசியைத் தமிழில் கேளுங்கள், கேட்க உரிமை இருக்கிறது. "பிறகு வரும்" என்றால் கையெழுத்தையும் பிறகு வைக்கிறேன் என்று எழும்பி வாருங்கள்.

போன கிழமை வேறொரு குழுவில் அதே வயல் படத்தோடு விளம்பரம் வந்திருக்கிறது, நம்பர் வேறு, வட்டி இப்போது 3 வீதம். காலி வீதியிலோ வேறெங்கோ மாடி அறையில் இப்படிப் பைல் சார்ஜ் கட்டியவர்கள் இருந்தால் பற்றுச்சீட்டை, அது வெறும் துண்டாக இருந்தாலும், எறியாமல் வைத்திருந்து எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். என் முறைப்பாட்டு இலக்கத்தோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று பொலிசில் சொன்னார்கள்.