.357-க்கு மாட்டிய ரப்பர் பிடி

அப்பா விட்டுப்போன .357 மேக்னம் (விசை அதிகமுள்ள தோட்டா வகை) ரிவால்வர், இப்போது என் லைசென்ஸில். மரப்பிடி அழகுதான். ஆனால் ஆறு ரவுண்டு சுட்டால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் கன்றிப்போகும். பிஸ்டல் மாதிரி பின்னால் ஓடி, சுடும்போது கையில் வரும் உதையைக் கொஞ்சம் மெதுவாக்கிக் கொடுக்க ஸ்லைடு (மேலே நகரும் இரும்பு மூடி) கிடையாதே! பத்து கிராம் குண்டு முன்னால் பாய, மொத்த உதையும் உள்ளங்கையில் இறங்கும். குழல் கைக்கு மேலே இருப்பதால் முனை வேறு எகிறும்.

மயூர் விஹாரிலிருந்து பழைய டெல்லி வரை போய் வாங்கிய ரப்பர் பிடி, கைப்பிடியின் பின்பக்க இரும்பை முழுசாக மூடுகிறது. உதையின் அளவு அதேதான்; துப்பாக்கி கனமாக இருந்தால் அது குறையும். ஆனால் சுள்ளென்ற குத்து இப்போது ஒரு தள்ளலாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை 30 ரவுண்டு, கை சிவக்கவே இல்லை.

ஒரே குறை, தடிமன். என் விரல் நுனிதான் டிரிகரை எட்டுகிறது. சின்னக் கை உள்ளவர்கள் கடையிலேயே பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.