நாற்பது நிமிடத்தில் வந்த வாடகை அக்ரிமெண்ட்: 5க்கு 2.5

மடிப்பாக்கத்தில் வீடு பார்த்தாச்சு, அட்வான்ஸ் பேசியாச்சு, அக்ரிமெண்டுக்கு மட்டும் யார் அலைவது என்று ஆன்லைனில் தயார் செய்து வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற ஒரு சேவையைப் பிடித்தேன். பெயர் வேண்டாம். முத்திரைத்தாள், டெலிவரி எல்லாம் சேர்த்து 850 ரூபாய். விவரங்களை நிரப்பிய நாற்பதாவது நிமிடம் வரைவு மெயிலில் இருந்தது. வேகத்தில் குறையே சொல்ல முடியாது.

குறையெல்லாம் உள்ளே. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: காலி செய்யும்போது பெயிண்டிங்குக்காக ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்ளப்படும். நானும் சொல்லவில்லை, ஓனர் அம்மாவும் சொல்லவில்லை, டெம்ப்ளேட்டிலேயே இருக்கிறது. போன வீட்டில் இதே வரிக்குத்தான் 16,000 ரூபாய் போனது. சுவரில் இருந்தது இரண்டு ஆணி ஓட்டையும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு கருப்புத் தடமும், அவ்வளவுதான். சூடுபட்டவன் என்பதால் இந்த முறை சட்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன்.

1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் புதுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று அதன் இரண்டாம் அட்டவணையில் பிரித்தே போட்டிருக்கிறார்கள். வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர் செலவு. டேப் வாஷர், சுவிட்ச், கீசர், கதவுப் பூட்டு, சாக்கடை அடைப்பு நம் செலவு. ஆனால் இதற்கு மாறாக நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் அட்டவணையைக் காட்டி வாதாடுவது கஷ்டம். அட்வான்ஸும் அப்படித்தான்: சட்டம் சொல்வது மூன்று மாத வாடகை, ஆனால் வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் சரி என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது, சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் நுழைவது அந்தக் கதவு வழியாகத்தான்.

வரைவில் இன்னும் இரண்டு இடம் இடித்தது. ஓனர் "எந்நேரமும்" வீட்டைப் பார்வையிடலாமாம். சட்டப்படி 24 மணி நேரம் முன்னால் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். அட்வான்ஸைத் "தகுந்த காலத்தில்" திருப்பித் தருவார்களாம். சட்டத்தில் பாக்கி கழித்து ஒரு மாதத்துக்குள். ஓனருக்காவது உருப்படியாக எழுதியிருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. எழுத்தில் சம்மதம் வாங்காமல் உள்வாடகை விடக்கூடாது என்ற வரியே காணோம், ஓனர் அம்மாதான் பார்த்துச் சொன்னார்.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்து வாடகை அதிகாரியிடம் (புதுச் சட்டப்படி வாடகை ஒப்பந்தங்களைப் பதிவு செய்கிற அரசு அதிகாரி) பதிவு செய்து தருவீர்களா என்று கேட்டேன். "பதினோரு மாசம்தானே சார், ரிஜிஸ்டர் எல்லாம் தேவையில்லை" என்றார் ஒரு தம்பி. அது பழைய கதை. இப்போது எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் வேண்டும், அரசாங்கமே அதற்கு இணையதளம் வைத்திருக்கிறது. 850 ரூபாய் வாங்குகிறவர்கள் இதைக்கூடச் சொல்லவில்லை என்றால் அப்புறம் ஜெராக்ஸ் கடையே போதுமே.

ஓனர் அம்மா பெயிண்டிங் வரியை எடுக்க உடனே ஒத்துக்கொண்டார், "நான் எங்கப்பா இதைக் கேட்டேன்" என்று சிரித்தார். திருத்திய தாள் வர இரண்டு நாள், அதற்குத் தனியாக 150 ரூபாய். இரண்டு மதிப்பெண் வேகத்துக்கு. மிச்ச அரை, அன்றைய மழையில் தாளைப் பால் கவருக்குள் போட்டு நனையாமல் கொண்டுவந்த டெலிவரி பையனுக்கு.