ஆறடித் திண்ணையும் நான்கு புத்தகங்களும்

அக்கா மகன் கட்டடக்கலை முதலாண்டில் சேர்ந்திருக்கிறான். கிருஷ்ணகிரிக்கு வந்தவன் என் மேசையில் கிடந்த புத்தகங்களைப் புரட்டிவிட்டு, "மாமா, இருக்கிற பணத்துக்கு ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்கட்டும்?" என்று கேட்டான். இருபது ஆண்டுகளாக இந்த ஊரில் வீட்டுப் பிளான் வரைந்து பிழைக்கிறேன். சட்டென்று பதில் வரவில்லை.

மேசையில் இருந்தவை நான்கு. பிரான்சிஸ் சிங் எழுதிய 'ஆர்கிடெக்சர்: ஃபார்ம், ஸ்பேஸ் அண்ட் ஆர்டர்', கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் குழுவினரின் 'எ பேட்டர்ன் லாங்குவேஜ்', லாரி பேக்கரின் வீடு கட்டும் செலவைக் குறைக்கும் கையேடு, பஸ் நிலையத்துக் கடையில் வாங்கிய மனையடி சாஸ்திரம்.

சிங்கின் புத்தகத்தை முதலில் ஒதுக்கினேன். 1979-இல் வந்த அது, கண்ணையும் கையையும் பழக்குவதில் நிகரில்லாதது. படங்கள் எல்லாம் கையால் வரைந்தவை. ஆனால் வீடு கட்டுகிறவரின் பணப்பையைப் பற்றி அதற்குக் கவலையில்லை. கல்லூரி நூலகத்தில் எப்படியும் இருக்கும், அங்கேயே படித்துக்கொள்ளட்டும்.

உண்மையான போட்டி மற்ற மூன்றுக்குள்தான்.

பேக்கர் பர்மிங்காமில் பிறந்து திருவனந்தபுரத்தில் மறைந்த கட்டடக்கலைஞர் (1917–2007). ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்ற காந்தியின் சொல்லை வாழ்நாள் முழுதும் பிடித்துக்கொண்டவர். கையேட்டில் தாமே வரைந்த கேலிப் படங்கள் இருக்கும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். வானம் (அடித்தளப் பள்ளம்) தோண்டும்போது மண்ணை வெளிப்பக்கம் அள்ளிப் போடுகிறோம். கடைக்கால் (அடித்தளச் சுவர்) எழும்பியதும் அதே மண்ணைக் கூலி கொடுத்து உள்ளே கொட்டுகிறோம். முதலிலேயே உட்பக்கம் போட்டால் என்ன என்று கேட்கிறார். இருபது ஆண்டில் நான் பார்த்த மனைகளில் பாதியில் இந்த இரட்டைக் கூலி நடந்திருக்கிறது. ஜன்னல் என்பது அது நிற்கும் இடத்துச் சுவரைவிடப் பல மடங்கு செலவு பிடிக்கும் என்பதையும் அவரைப் படித்துத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அவருடைய எலிப்பொறிக் கட்டுதான் இங்கே சரிப்படவில்லை. செங்கலைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் முறை அது. ஏறக்குறைய கால்பங்கு செங்கல் மிச்சமாகும், வெயிலும் உள்ளே இறங்காது. ஆனால் செங்கல் அளவு பிசகக்கூடாது. எனக்கு வந்த சூளைக் கற்களில் இரண்டு ஒத்துப்போனால் அதிர்ஷ்டம். போதாததற்கு, "சுவருக்குள் ஓட்டை வைத்துக் கட்டுவீர்களா?" என்று வீட்டுக்காரர் முகம் சுளித்தார். சரி, பேக்கரையே அவருடைய விதிப்படி படித்தால், நம் ஐந்து மைலில் கிடைப்பது கல். வேலிக்குக்கூடக் கல்கால் நடுகிற மாவட்டம் இது. மல்லசந்திரத்துப் பழங்காலக் கல்திட்டைகளில் (ஈமச்சின்னங்களில்) பலகைக்கல்லை நிறுத்தி, மேலே ஒன்றால் மூடி வைத்தவர்கள் இருந்த மண். கல் சுவரை விட்டுவிட்டு எலிப்பொறிக்கு நான் அலைந்தது புத்தகத்தின் குற்றமில்லை.

அலெக்சாண்டரின் புத்தகம் 1977-இல் வந்தது. ஆயிரத்து நூறு பக்கத்துக்கு மேல், 253 விதிகள். ஊரின் அமைப்பில் தொடங்கி, வீட்டுச் சுவரில் மாட்டும் பொருள்வரை இறங்கி வருகிறது. (மென்பொருள் எழுதுகிறவர்களும் தங்கள் துறைக்கு இவரிடமிருந்து கடன் வாங்கியிருக்கிறார்கள். ஓசூரில் கேட்டுப் பாருங்கள்.) ஒவ்வொரு அறைக்கும் இரண்டு பக்கத்திலிருந்து வெளிச்சம் வேண்டும் என்பது ஒரு விதி. வாசலருகே தெருவைப் பார்த்து உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்பது இன்னொன்று. திண்ணையை இடித்துவிட்டு கார் நிறுத்துகிற நமக்கு அமெரிக்காவிலிருந்து வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்குப் பிடித்தது அதிலுள்ள நட்சத்திரக் குறிகள். உறுதியாக நம்பும் விதிக்கு இரண்டு, ஓரளவு நம்பினால் ஒன்று, தெளிவில்லை என்றால் ஒன்றுமில்லை. தன் விதிமேல் தானே சந்தேகம் குறித்துவைக்கும் புத்தகம் வேறு நான் பார்த்ததில்லை.

மனையடி சாஸ்திரத்தில் சந்தேகத்துக்கு இடமே கிடையாது. என்னிடமுள்ள பதிப்பில் அறைக்கு 10, 11 அடி நல்லது. 12, 13, 14, 15 நான்கும் ஆகாது. அடுத்த நல்ல அளவு 16. முப்பதடி அகல மனையில் இரு பக்கமும் இரண்டிரண்டு அடி விட்டால் மிஞ்சுவது 26. முக்காலடிச் சுவர் மூன்று போக 23¾. ஹாலுக்கு 16 கொடுத்தால் படுக்கையறைக்கு 7¾, கட்டில் போட்டால் நடக்க இடமில்லை. பதினொன்றும் பதினொன்றும் என்றால் 1¾ அடி அநாதையாக நிற்கும். அதைச் சுவர் அலமாரியாக்கி, "இது கணக்கில் சேராது" என்று சொல்லிவிடுவோம். கிருஷ்ணகிரியில் நான் வரைந்த அலமாரிகள் பலவற்றின் பிறப்பு இப்படித்தான்.

இதைப் படித்துச் சிரிக்கும் கட்டடக்கலைஞர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இந்த நான்கில் வீட்டுக்காரரின் வீட்டிலேயே இருக்கும் புத்தகம் இது ஒன்றுதான். தமிழில் இருக்கிறது, சட்டைப்பையில் அடங்குகிறது, பணம் கொடுப்பவரிடம் நேராகப் பேசுகிறது. மற்ற மூன்றும் ஆங்கிலத்தில் என்னிடம் பேசுகின்றன. நான்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

மருமகனிடம் பேக்கரை வாங்கச் சொன்னேன். மெல்லிய புத்தகம், முதல் வீட்டிலேயே போட்ட காசு திரும்பும். அலெக்சாண்டரை என்னிடம் இரவல் வாங்கிக்கொள்ளலாம், திருப்பித் தர வேண்டும். மனையடியை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும் என்றேன். கடைசியாகச் சொன்னதை அவன் நம்பவில்லை. காவேரிப்பட்டினம் பக்கத்து வீடு ஒன்றைப் பற்றிச் சொன்னேன்.

முன்வாசல் திண்ணைக்கு நான்கடி அகலம் போதும் என்று வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தார். ஆறடிக்குக் குறைந்த தாழ்வாரத்தில் யாரும் உட்காரமாட்டார்கள் என்பது அலெக்சாண்டரின் விதி. அதைப் படம் போட்டு விளக்கினேன். நாற்காலிகளை வைத்துக் காட்டினேன். இடம் வீண் என்று ஒரே பேச்சு. அவருடைய மாமியார் உள்ளேயிருந்து அந்தச் சிறு புத்தகத்தை எடுத்துவந்து, விரல் வைத்துப் படித்தார்: "ஆறடி நன்மை."

மறுநாள் காலையில் ஆறடிக்குக் கயிறு கட்டினோம்.