குவாட்ராஜெட் ரிப்பேர் கிட்: எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது

பழைய செவர்லே சி10 டிரக்கின் 350 வி8 இன்ஜினில் உள்ள ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டருக்கு (பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் பாகம்) விற்கும் சாதாரண கிட் இது. உள்ளே கேஸ்கெட்டுகள், நீடில்-சீட் (பெட்ரோல் வரவைத் திறந்து மூடும் ஊசி வால்வு), ஆக்சிலரேட்டர் பம்ப் (மிதித்ததும் கூடுதல் பெட்ரோல் பீய்ச்சுவது). பம்ப் ரப்பர் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் ஊதிப்போய், மிதித்ததும் வண்டி திணறும்.

இதில் ஃப்ளோட் (பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவை) இல்லை; பெரிய குறை. பழைய நைட்ரோஃபில் ஃப்ளோட் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துவிடும். மட்டம் ஏறி கார்புரேட்டர் வழியும். தனியாகப் புதிது வாங்கிவிடுங்கள். நீடில் கிளிப்பை ஃப்ளோட் கையின் விளிம்பில் மாட்டவேண்டும். அங்குள்ள துளைகளில் மாட்டினால் நீடில் சிக்கும். இந்தத் தவறு ரொம்ப சகஜம், வழிமுறைத் தாளிலோ ஒரு வரிகூட இல்லை.

இரவு நிறுத்திய வண்டி காலையில் நெடுநேரம் கிராங்க் ஆனால், கார்புரேட்டரின் அடியிலுள்ள வெல் பிளக்குகள் (பெட்ரோல் குழிகளை அடைக்கும் மூடிகள்) கசிகின்றனவா பாருங்கள். பெட்ரோல் தாங்கும் எபாக்ஸிதான் தீர்வு. ஐடிலில் திராட்டில் ஷாஃப்ட் (காற்று வால்வைத் திருப்பும் தண்டு) ஓரம் கார்ப் கிளீனர் அடிக்கும்போது ஆர்பிஎம் மாறினால் ஷாஃப்ட் துளை தேய்ந்திருக்கிறது. வெண்கல புஷ் போடாமல் எந்தக் கிட்டும் உதவாது.

விலைக்குக் கேஸ்கெட் தரம் நன்று.