ஆத்தங்குடிக் கல்: பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு உதவாத தரை

ஆத்தங்குடிக் கல் எனப்படும், கையால் வார்த்த நிறச் சிமெண்ட் தரைக்கல்லைப் பற்றி வெளிவரும் பாராட்டுகளில் பெரும்பாலானவை, கல் பதித்த மறுநாள் எடுத்த படங்களை வைத்து எழுதப்பட்டவை. அன்றைக்கு எந்தத் தரையும் அழகாகத்தான் இருக்கும். திருமயத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் என் அம்மாவழித் தாத்தா விட்டுச் சென்ற நாட்டு ஓட்டு வீட்டில் இந்தக் கல்லைப் பதித்து, சில கோடைகளையும் சில மழைக்காலங்களையும் அதன்மேல் கழித்த பிறகே இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல தரை எனக்குத் தெரியாது. ஆண்டுக்கு இரண்டு முறை திறந்து பார்த்துவிட்டுப் பூட்டும் வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம்.

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அருகில் இருக்கிறது ஆத்தங்குடி. அங்குள்ள பட்டறைகளில் வேலையை நின்று பார்க்க யாரும் தடை சொல்வதில்லை. வாங்கப் போகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். கண்ணாடிப் பலகை ஒன்றின்மேல் சதுரமான இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூவேலைக் கோடுகள் கொண்ட தகட்டு அச்சைப் பொருத்துகிறார்கள். அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் நிறம் கலந்த சிமெண்ட் கூழைக் கரண்டியால் ஊற்றி, அச்சை மெல்ல மேலே தூக்குகிறார்கள். நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றனவே தவிரக் கலந்துவிடுவதில்லை. கை நடுங்கினால் அந்தக் கல் போயிற்று. பிறகு ஈரமில்லாத சிமெண்ட்–மணல் கலவையைத் தூவிக் கூழின் நீரை உறிஞ்சவிட்டு, அதன்மேல் ஈரச் சாந்தை நிரப்பி மட்டம் தட்டுகிறார்கள். உலர்ந்த கற்கள் தண்ணீர்த் தொட்டியில் சில நாட்கள் ஊறுகின்றன. அதற்குப் பின் கண்ணாடி தானாகக் கழன்றுகொள்கிறது. சூளையும் இல்லை, மெருகேற்றும் இயந்திரமும் இல்லை. கல்லின் முகத்தில் நாம் காணும் பளபளப்பு முழுவதும் அந்தக் கண்ணாடியிடமிருந்து வந்தது.

சிமெண்டால் நிறக்கல் செய்யும் வழக்கம் ஆத்தங்குடிக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில் 1824ஆம் ஆண்டு போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெறப்பட்ட பின், அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய தொழில் அது. ஆனால் அங்கே கல்லை உலோக அச்சில் வைத்துப் பேரழுத்தத்தில் அழுத்துகிறார்கள். ஆத்தங்குடியில் அழுத்துவதே இல்லை, வார்த்து எடுக்கிறார்கள். வாங்குகிறவர் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அழுத்தாத கல் நீரையும் எண்ணெயையும் சற்று எளிதாக உறிஞ்சும். அதன் நன்மை, தீமை இரண்டும் இந்த ஒரு குணத்திலிருந்துதான் வருகின்றன.

கணக்கு எளிது. பத்து அங்குலச் சதுரக் கல் வாங்கினால் 100 சதுர அடிக்கு 144 கற்கள் வேண்டும். முக்கால் அங்குலக் கனமுள்ள ஒரு கல் இரண்டரைக் கிலோவுக்குக் குறையாது. ஆகவே ஒரு சிறிய கூடத்துக்கே வண்டியில் ஏறும் பாரம் பலருக்கு வியப்பாக இருக்கும். கைவேலை என்பதால் இன்று வார்த்த சிவப்பும் அடுத்த மாதம் வார்க்கும் சிவப்பும் ஒன்றாக இருப்பதில்லை. மொத்தக் கல்லையும் ஒரே தடவையில் சொல்லி வார்க்கச் செய்து, மூலை உடைவுக்கும் பிற்காலப் பழுதுக்கும் நூற்றுக்குப் பத்து கல்லாவது கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும். கல்லின் விலை பெரிய கம்பெனிகளின் விட்ரிஃபைட் டைல்ஸோடு ஒப்பிடத்தக்கதுதான். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, பதிப்புக்கூலி மூன்றும் சேரும்போதுதான் கை கடிக்கும்.

பதிப்பவரைத் தேடுவதே இதில் மிகக் கடினமான வேலை. விட்ரிஃபைட் டைல்ஸ் ஒட்டிப் பழகிய கை இதற்குச் சரிவராது. கற்களுக்கிடையே இடைவெளி விடாமல், விளிம்போடு விளிம்பு நெருக்கி, சாந்துப் படுகையில் அமர்த்தி, மரச் சுத்தியலால் தட்டி மட்டம் பார்க்க வேண்டும். ஒரு கல் நூல் கனம் உயர்ந்துவிட்டால் பின்னால் இயந்திரம் வைத்துத் தேய்த்துச் சமப்படுத்த முடியாது. நிறம் மேற்புறத்து மெல்லிய படலத்தில் மட்டுமே இருக்கிறது. எங்கள் வீட்டில் பத்தியையும் (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம்) கூடத்தையும் செட்டிநாட்டு வீடுகளில் வேலை பார்த்துப் பழகிய பெரியவர் ஒருவர் பதித்தார். ஒரு பிசகும் இல்லை. அவருக்கு உடம்புக்கு முடியாமல் போகவே, அடுப்படி வாசலை நகரத்திலிருந்து வந்த வேறொருவர் முடித்துக் கொடுத்தார். கல்லின்மேல் ஒட்டிய சிமெண்ட் கறையைப் போக்குவதற்காக, யாரையும் கேட்காமல் ஆசிட்டை ஊற்றிவிட்டார் அவர். ஆசிட் பட்ட இடத்தில் கண்ணாடி முகம் அரித்துப்போய், கல் சொரசொரவென்று வெளுத்துவிட்டது. இந்தக் கல் புளியையும் எலுமிச்சைச் சாற்றையுமே தாங்காது என்பதைச் சொல்லித்தான் எந்தக் கொத்தனாரையும் உள்ளே விட வேண்டும்.

வீட்டைப் பற்றிச் சொல்லாமல் தரையை மட்டும் மதிப்பிட முடியாது. தாத்தா காலமான பின் அந்த வீட்டுக்கு நாங்கள் சென்னையிலிருந்து விருந்தாளிகளைப் போலத்தான் வந்து போனோம். பழைய சிமெண்டுத் தரை பொரிந்து கிடந்ததால், கூடத்தில்கூடச் செருப்போடு நடந்தோம். மாமா ஒரே ஓர் அறைக்கு விட்ரிஃபைட் டைல்ஸ் ஒட்டி ஏசி மாட்டியிருந்தார். குடும்பம் முழுவதும் அந்த அறைக்குள் அடைந்து கிடந்துவிட்டு, ஊர்த் திருவிழா முடிந்ததும் அடுத்த ரயிலைப் பார்த்து ஓடும். முற்றமும் பத்தியும் திண்ணையும், அந்த அறைக்குப் போகும் வழி என்பதற்குமேல் எங்களுக்கு ஒன்றும் இல்லை. அம்மா மட்டும் பகலில் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

பத்தியும் கூடமும் முடிந்ததும் பெரியவர் அம்மாவிடம் சொன்ன கைமுறை இதுதான். முதலில் உமியைத் தூவித் துணியால் தேய்க்க வேண்டும். உமி மெல்ல உரசி மாசை எடுக்கும். பிறகு தண்ணீரில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, நன்றாகப் பிழிந்த துணியால் நாள்தோறும் துடைக்க வேண்டும். ஃபினாயில் உட்பட எந்தக் கடைத் திரவமும் கூடாது. “மத்தபடி நடங்க ஆத்தா, நடந்தாத்தான் கல்லு ஏறும்” என்றார். வீடு விற்கிற தரகர் பேச்சைப் போல இருக்கிறதே என்று அப்போது எனக்குச் சந்தேகம். ஆனால் அது உண்மை. சிறிதளவு எண்ணெயை உறிஞ்சிய சிமெண்ட் முகம், வெறுங்கால் உரசலில் மாதக்கணக்கில் மெருகேறுகிறது. எங்கள் பத்தியில் ஆள் நடமாடும் நடுவரிசைக் கற்கள் சுவரோரக் கற்களைவிட இன்று தெளிவாக மின்னுகின்றன; கதவு திறந்திருக்கும் நேரத்தில் குனிந்து பார்த்தால், அடுப்படியிலிருந்து முற்றத்துக்கு அம்மா நடக்கும் தடம் வெளிச்சத்தில் தனியாகத் தெரியும்.

இதற்கு நேர்மாறானதையும் நாங்கள் பார்த்தோம். பதித்த முதல் ஆண்டு ஐப்பசி மழையின்போது வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையில் இருந்தோம். திரும்பி வந்து திறந்தபோது கூடம் முழுவதும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. சிமெண்டிலும் மணலிலும் உள்ள உப்பு ஈரத்தோடு மேலே வந்து, நீர் ஆவியானதும் தங்கிவிடுவதுதான் இது, கல்லின் குறையன்று. துடைத்தால் போகும். ஆனால் துடைக்க ஆள் வேண்டும். அந்தத் தரையை அம்மா மூன்று நாட்கள் துடைத்தார். நான்காம் நாள், தான் சென்னைக்கு வரப்போவதில்லை என்றார். கல்லுக்காகத்தான் தங்கினார் என்று எழுதினால் அது மிகை. ஆனால் அங்கே தங்குவதற்கு அவருக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. அந்த வேலையைத் தரை கொடுத்தது.

அம்மா அங்கே இருந்ததால் நாங்கள் வெள்ளிக்கிழமைகளில் பல்லவன் எக்ஸ்பிரஸில் புதுக்கோட்டை வந்து இறங்கத் தொடங்கினோம். துடைத்த தரையில் செருப்போடு ஏற அம்மா விடமாட்டார். செருப்பைக் கழற்றிய பிறகு நடந்த மாற்றங்களை நான் எதிர்பார்க்கவில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் பாய்கூட விரிக்காமல் பத்தியில் படுக்கும் வழக்கம் எங்கள் எல்லோரையும் பிடித்துக்கொண்டது. ஏசி அறையில் படுக்க இப்போது ஆளில்லை. பிள்ளைகள் இருவரும் தரையின் பூக்களைக் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, சிவப்பு இதழ் உள்ள கல் ஒருத்திக்கு, பச்சை இதழ் உள்ளது மற்றவளுக்கு என்று எல்லை வகுத்து, அதைத் தாண்டினால் சண்டை போடுகிறார்கள். சென்னை ஃப்ளாட்டில் அவர்கள் ஒருநாளும் தரைக்காகச் சண்டை போட்டதில்லை. பக்கத்து வீட்டு அப்பத்தா, முன்பெல்லாம் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போவார். இப்போது முருங்கைக்கீரையோடு வந்து பத்தியில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்கிறார். “ஏத்தா, எண்ணெயத் தடவி வச்சிருக்கியே, நான் விழுந்தா யாரு பாக்குறது?” என்று அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. எண்ணெய் ஒரு சொட்டுக் கூடினாலும் ஈரக்காலுக்கு வழுக்கும். முதியவர்கள் உள்ள வீட்டில் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். குளியலறைக்கு இந்தக் கல் அறவே ஆகாது.

“கோடையில் குளிர்ச்சி தரும்” என்று விற்பவர்கள் சொல்வதைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டின் குளிர்ச்சியில் பெரும்பங்கு உயரமான ஓட்டுக் கூரைக்கும், சூடான காற்றை மேலே அனுப்பிவிடும் முற்றத்துக்கும், பூமியோடு ஒட்டிய அடித்தளத்துக்கும் சேர வேண்டியது. கான்கிரீட் மாடியின் மூன்றாம் தளத்தில் இதே கல்லைப் பதித்துவிட்டு இதே சுகத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். மஞ்சள்தூள் கறையும் பெரிய தொல்லை. அடுப்படிக்குள் இதைப் பதிக்காமல் கருங்கல்லோடு நிறுத்திக்கொண்டது நல்லதாயிற்று. வெயில் நேராக விழும் திண்ணைக்கும் நாங்கள் இதைப் போடவில்லை. இரும்பு ஆக்சைடில் வரும் சிவப்பும் மஞ்சளும் வெயிலைத் தாங்கும். மற்ற நிறங்களைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பட்டறையிலும் சொல்லவில்லை.

இந்தக் கல்லை வாங்கப் போகும் எவரும், ஆத்தங்குடியில் அரண்மனை என்று அழைக்கப்படும் பெரிய வீட்டையும், முடிந்தால் கானாடுகாத்தான் தெருக்களையும் பார்த்துவிட்டு வரலாம். செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014இல் இந்தியா சேர்த்தது. பர்மாத் தேக்குத் தூண்களும் இத்தாலியப் பளிங்கும் கொண்ட அந்த வீடுகளில் பல, கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் மட்டுமே திறக்கப்படுகின்றன. நான் கண்ட இரண்டு வீடுகளில் ஒரே காலத்துக் கற்கள் இருவேறு கதியில் இருந்தன. காவலுக்கு இருந்த குடும்பம் அன்றாடம் புழங்கிய வளவில் (உள்முற்றப் பகுதியில்) கல் கண்ணாடி மாதிரி இருந்தது. பூட்டியே கிடந்த மற்றொரு வீட்டில், அதே பூவேலை, புழுதி பிடித்து மங்கிப்போயிருந்தது. கொட்டிய பணம் இரண்டு இடத்திலும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஆகவே ஊர் வீட்டைப் புதுப்பிக்கும் நண்பர்கள் கேட்டால், முதலில் ஒன்றை நான் திருப்பிக் கேட்கிறேன்: அங்கே மாதத்துக்கு எத்தனை நாள் யார் இருக்கப்போகிறார்கள்? துடைப்பதற்குக் கூலிக்கு ஆள் வைத்தால் தரை கெடாமல் இருக்கும், அவ்வளவுதான். நடமாட்டத்தால் வரும் மெருகு வராது. யாரும் தங்கப்போவதில்லை என்றால் விட்ரிஃபைட் டைல்ஸே போதும். அதற்கு எவருடைய காலும் தேவையில்லை. தங்கப்போகிறவர்களுக்கு ஒரு யோசனை: வீடு முழுவதும் ஒரே நேரத்தில் போடாமல், எல்லோரும் கடந்து போகிற பத்தியை முதலில் போட்டுப் பாருங்கள், தனியறைகள் பிறகு ஆகட்டும்.

அடுப்படி வாசலில் ஆசிட் தின்ற கற்களைச் சென்ற தை மாதம் பெயர்த்தெடுத்து, கொட்டிலில் எடுத்து வைத்திருந்த கூடுதல் கற்களைப் பதித்தோம். உடம்பு தேறிய பெரியவரே வந்து செய்துகொடுத்தார். ஒரே தடவையில் வார்த்த கற்கள்தான் என்றாலும், எண்ணெய் ஏறி நிறம் ஆழ்ந்துவிட்ட பழைய கற்களுக்கு நடுவே அவை இன்னும் வெளிறித் தெரிகின்றன. உமியாலோ எண்ணெயாலோ இதை விரைவுபடுத்த முடியுமா என்று கேட்டதற்கு அவர் வேண்டாம் என்றார். வாசல் வழியில் இருப்பதால் அடுத்த தைக்குள் தானாகச் சேர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு.